அமுதத்தில் தண்ணீர் கலந்த சிஹாரு

அவைக்குத் தலைமையேற்று, அப்போதிலிருந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் வணிகவீதிச் சங்கத் தலைவர், அரிசி மண்டி கமேதா ஐயா அவர்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட மூத்தோர்களே! மாலை வியாபாரம் போனால் போகட்டும் என்று கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! 'சாம்பல் கோபுரம்' என்னும் விளையாட்டில் வாளேந்தும் வீரர்களே, வில்லேந்தும் வல்லவர்களே, மந்திரம் ஓதும் மாயக்காரர்களே! இவர்கள் அத்தனை பேரும் அடிபட்டு அலறும்போது அமைதியாகப் பையைத் திறந்து பச்சிலை தேடும் என் அருமைக் கலவைக்காரர்களே! உங்கள் எல்லோருக்கும், அமாகாசாக்கி அணியின் கேடயக்காரி, ஒகோனோமியாகி என்னும் கோசு அடை சுட்டு விற்கும் தொமோயோவின் தலைதாழ்ந்த வணக்கம்!

தலைவர் ஐயா சற்று முன் என் காதில் ஒன்று சொன்னார். "தொமோயோ, சட்டுனு முடிம்மா, பீர் சூடாகுது" என்றார். ஐயா, சூடாகட்டும்! ஓராண்டாக என் வயிறு எரிந்ததே, அப்போது யார் குளிர்ந்த பீர் ஊற்றினீர்கள்? கோப்பை வென்று வந்திருக்கிறோம். கான்சாய் வட்டாரம் முழுக்க வென்று வந்திருக்கிறோம். இன்று நான் பேசித்தான் தீருவேன்.

விளையாட்டு தெரியாத தாய்மார்களுக்காக ஒரு சொல். ஓர் அணிக்கு ஐந்து பேர். ஐவரும் கோபுரம் ஏற வேண்டும். உச்சியில் உலை நாகம் என்று ஒரு பெரும் பாம்பு நெருப்பைக் கக்கிக்கொண்டு காத்திருக்கும். இரண்டு அணிகள் ஒரே நேரத்தில் தனித்தனிக் கோபுரத்தில் ஏறும். எந்த அணி நாகத்தை வீழ்த்துகிறதோ அதற்கே வெற்றி. ஐவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பை. பையில் பச்சிலைச் சாறு இருக்கும், உப்புக்கல் இருக்கும், பேய்க்காளான் இருக்கும், கிணற்று நீர் இருக்கும். விலைமதிப்பில்லாத அமுதமும் இருக்கும். ஆனால் ஒரு போட்டிக்கு ஒரே ஒரு குப்பி!

இந்தப் பையில் கைவிட்டு, இரண்டு பொருளை எடுத்து, மூன்றாவது ஒன்றை ஆக்கித் தருபவர்தான் கலவைக்காரர். அவருக்கு வாள் இல்லை. வில் இல்லை. மந்திரம் இல்லை. ஒரு நாகத்தைக்கூட அவர் நேரே அடித்ததில்லை. அதனால் என்ன ஆயிற்று? வாள்காரனுக்குச் சட்டையில் படம் உண்டு, கலவைக்காரருக்கு உண்டா? மந்திரக்காரிக்குப் பொம்மை உண்டு, கலவைக்காரருக்கு உண்டா? சிறுவர்கள் தெருவில் விளையாடும்போது "நான்தான் கலவைக்காரன்" என்று எவனாவது முந்திக்கொண்டு கத்தி நீங்கள் கேட்டதுண்டா? கூட்டத்தில் கடைசியாக வந்தவனுக்குக் கொடுக்கும் வேடம் அது. "மூட்டை தூக்கி" என்று பெயர் வைத்தார்கள். என் எதிரிலேயே சொன்னார்கள். அடுப்பு மட்டும் அன்று என் கைக்கு எட்டியிருந்தால் நடந்திருப்பதே வேறு.

அந்த மூட்டை தூக்கி இதோ, மேடையின் ஓரத்தில், முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கையை எடுங்கள், சிஹாரு சான்! என்ன? "போதும், மானத்தை வாங்காதே" என்கிறார். வாங்கத்தான் போகிறேன்!

இவகிரி சிஹாரு. நம் ஊரில் பேருந்து ஓட்டியவர். உங்களில் பாதிப் பேரை நிலையத்துக்குச் சுமந்து சென்றவர். அது மட்டுமா? சாம்பல் கோபுரத்தில் வாள் பிடித்தவர்! அவர் வாளை உருவினால் எதிரணியினர் திரையைப் பார்க்காமல் அவர் விரல்களைப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட விரல்கள். ஒருநாள் பக்கவாதம் வந்தது. உயிரை விட்டுவைத்தது; வலக்கையை எடுத்துக்கொண்டது. பேருந்து போயிற்று. பணிமனையில், பயணிகள் தொலைத்த குடைகளை எடுத்து வைக்கும் சாளரத்தில் உட்காரச் சொன்னார்கள். வாளும் போயிற்று, ஏனென்றால் வாளுக்கு வேகம் வேண்டும். ஆனால் கலவைக்கு? எதோடு எது சேரும் என்கிற நினைவு வேண்டும், நிதானம் வேண்டும். இடக்கை ஒன்று போதும்! அப்படித்தான் அவர் அந்த ஐந்தாவது நாற்காலிக்கு வந்தார். விட்டுப் போகாமல் வந்தார். அதற்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

நன்றி, நன்றி. இன்னும் பலமாகவே தட்டலாம், கட்டிடம் இடிந்துவிடாது.

இப்போது போன ஆண்டுக்கு வருகிறேன். ஏன் முனகுகிறீர்கள்? தோல்வியைச் சொல்லாமல் வெற்றியைச் சொன்னால் அதில் உப்பு ஏது? போன ஆண்டு இறுதிப் போட்டி. எதிரில் சாகாய் ஊர் அணி. எங்கள் திரையில் நாகத்துக்கு உயிர் கொஞ்சம்தான் மிச்சம். எங்கள் ஐவருக்கும் அதைவிடக் கொஞ்சம். பையில் உருப்படியான மற்றதெல்லாம் தீர்ந்து, அமுதம் ஒன்று மட்டும் பளபளவென்று கிடக்கிறது. யாராவது ஒருவர் எடுத்துக் குடித்தால் முழு உயிர் வரும். குடித்தோமா?

நாம் யார்? கான்சாய்க்காரர்கள்! விருந்தில் தட்டில் கடைசித் துண்டு கிடந்தால் நாம் தொடுவோமா? அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறோம், கூச்சக்கட்டி என்று. ஒவ்வொருவர் கூச்சமும் கெட்டியாகி அந்தத் துண்டாகக் கிடக்கிறதாம். இதோ, மூன்றாவது மேசையில் ஒற்றைத் தக்கோயாகி மாவுருண்டை ஆறிப்போய்க் கிடக்கிறது. எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்திருக்கிறீர்கள். எட்டுப் பேருக்கும் ஆசை இருக்கிறது. சிரிக்காதீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன்!

விருந்தில் அது அழகு. நாகத்தின் வாய்க்கு முன்னால்? எங்கள் தலைவர் குரதானி சான், வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பவர், பிறந்ததிலிருந்து ஒருவர் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்லி அறியாதவர், அவர் ஆரம்பித்தார். "தொமோயோ சான், நீங்க குடிங்க." நான் விடுவேனா? "ஐயோ, நீங்க தலைவர், நீங்க குடிங்க." "அப்போ அந்த ரெண்டு சின்னப்பசங்க குடிக்கட்டும்" என்றார் அவர். வில்லும் மந்திரமும் வைத்திருக்கும் ஹாமா சகோதரர்கள் இருவரும் ஒரே குரலில், "எங்களுக்கு எதுக்குங்க, பெரியவங்க இருக்கும்போது!" சிஹாரு சான் இடக்கையைப் பைக்குக் கொண்டு போனார். "நான் இதைக் கலந்து..." என்று ஆரம்பித்தார். தலைவர் பதறிப்போய், "அதை வீணாக்க வேணாமே, பின்னாடி தேவைப்படும்" என்றார். பின்னாடி! எந்தப் பின்னாடி? நாகம் ஒருமுறை மூச்சு விட்டது. ஐவரும் மிக்க மரியாதையுடன் செத்தோம்.

திரையில் ஐந்து பிணங்கள். நடுவில் தொடாத அமுதம். அரங்கமே சிரித்தது.

சிரிப்பைப் பொறுத்துக்கொண்டேன். அடுத்து வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. சாகாய் அணியின் தலைவி ஒகுனோ அம்மையார், நல்லவர், பட்டுப்போல் பேசுபவர், குனிந்து வணங்கிவிட்டு எங்கள் தலைவரிடம் சொன்னார்: "அந்த அம்மாவை இன்னும் கூடவே வெச்சிருக்கீங்க பாருங்க, உங்க மனசு யாருக்கு வரும்!" சிஹாரு சான் பக்கத்தில்தான் நின்றார். குரதானி சான் என்ன சொன்னார்? சிரித்தபடி பதிலுக்குக் குனிந்தார். அவ்வளவுதான். ஒரு சொல், "இரக்கம் இல்லைங்க, எங்களுக்கு அவங்க வேணும்" என்று ஒரே ஒரு சொல் வரவில்லை.

மறுவாரம் என் கடையில் ஐவரும் கூடினோம். இரும்புத் தட்டில் கோசும் மாவும் வெந்துகொண்டிருக்கின்றன. சிஹாரு சான் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும். நான் உங்களுக்குத் தேவையா? இல்ல, என்னை வெச்சுக்கிட்டா உங்களுக்கு மனசு லேசா இருக்கா?"

நால்வரும் தட்டையே பார்த்தோம். ஹாமா தம்பி மட்டும், "என்னக்கா இப்படிக் கேக்குறீங்க..." என்று இழுத்தான்.

"இழுக்காதடா. கையிலதான் எனக்கு வலு இல்ல, காது நல்லாத்தான் கேக்குது. எல்லாரும் எங்கிட்ட மரியாதையா இருக்கீங்க. எவ்வளவு மரியாதைன்னா, என்னால ஒரு வருஷமா மூச்சு விட முடியல. அதனால இப்படிச் செய்வோம். அடுத்த வருஷமும் தோத்தா, நான் எந்திரிச்சுப் போயிடுறேன். யாரும் தடுக்கக் கூடாது. அந்த நாற்காலியில நல்ல வாள்காரனா பாத்து உக்கார வைங்க."

"சிஹாரு சான், அப்படியெல்லாம்..." என்றார் தலைவர்.

"இருங்க, முடிக்கல. அதுவரைக்கும் பை என் கையில. நான் எதை எடுத்தாலும், எப்ப எடுத்தாலும், 'பின்னாடி தேவைப்படும்'னு ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதித்தோம். ஆனால் அவர் கேட்ட கேள்வி? அது அந்தத் தட்டின் மேலேயே புகைந்துகொண்டிருந்தது. அன்று அடையைக் கருக்கிவிட்டேன்.

என் அன்புக்குரியவர்களே! இந்த இலையுதிர் காலத்தில் மறுபடியும் இறுதிப் போட்டி. மறுபடியும் சாகாய் அணி. அரங்கம் நிரம்பி வழிகிறது. ஏறத் தொடங்கிய முதல் மாடியிலேயே சிஹாரு சான் பையைத் திறந்தார். உப்புக்கல்லும் காளானும் கலந்தார். எலிக்கூட்டம் தூங்கிப் போயிற்று. அடுத்த மாடியில் பச்சிலையும் உப்பும் கலந்தார். என் கேடயம் கல்லாய் இறுகிற்று. எங்களுக்கு உயிர் நிறைய இருக்கும்போதே கலந்தார். கூட்டம் பதறுகிறது! "ஐயையோ, இப்பவே காலி பண்ணுதே இந்த அம்மா!" என்று ஒருவர் தலையில் கைவைக்கிறார். ஒலிபெருக்கியில் வர்ணனை செய்பவர் "இது சிக்கனமான அணி அல்ல" என்கிறார். சிக்கனமாம்! செத்த பிறகு பையில் இருந்து என்ன பயன்? அதை ஊற்றிச் சமாதியில் அருகம்புல்லா வளர்க்கப் போகிறோம்?

குரதானி சான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் வாளைச் சுழற்றினார். நாக்கைக் கடித்தே வென்ற மனிதர் அவர். உச்சிக்கு வந்தோம். நாகம் எழுந்தது. அடித்தோம், அடி வாங்கினோம், எரிந்தோம், எழுந்தோம். நாகத்துக்கும் எங்களுக்கும் உயிர் ஒரு நூலளவு என்ற நிலை வந்தது. பையில் மிஞ்சியது இரண்டே இரண்டு. ஒன்று அமுதம். இன்னொன்று கிணற்று நீர். ஆம், வெறும் தண்ணீர். முதல் மாடியிலேயே எல்லோரும் தூக்கி எறியும் தண்ணீர்!

நாகம் மூச்சை உள்ளிழுத்தது. அடுத்த மூச்சு நெருப்பு. அந்த நேரம் பார்த்து எங்கள் தலைவருக்கு ஊர்ப்பழக்கம் வந்துவிட்டது. "சிஹாரு சான், அமுதத்தை நீங்க குடிங்க! நீங்களாவது பொழைச்சிருங்க!"

பாருங்கள், என்ன அன்பு! என்ன பண்பு! என்ன பைத்தியக்காரத்தனம்!

சிஹாரு சான் கத்தினார். பேருந்துக் காலத்துக் குரல் அது, கடைசி இருக்கை வரை கேட்கும் குரல். "வாயை மூடுங்க, தலைவரே! தனியா பொழைச்சு நான் என்ன செய்யறது, பாம்புகூடக் கதை பேசவா?"

இடக்கை நகர்ந்தது. அமுதத்தை எடுத்தது. தண்ணீரையும் எடுத்தது. அரங்கம் மூச்சை நிறுத்தியது. ஏன் தெரியுமா? அமுதத்தில் தண்ணீர் கலந்தால் என்ன ஆகும் என்று இந்த நாட்டில் ஒருவருக்கும் தெரியாது. எத்தனையோ பேர் எத்தனையோ ஆண்டுகளாக விளையாடும் விளையாட்டு. ஒருவராவது கலந்து பார்த்தாரா? எப்படிப் பார்ப்பார்? அமுதத்தை யார் வீணாக்குவார்? எல்லோரும் பத்திரமாக வைத்துவைத்து, வைத்துவைத்து, பையோடு செத்தவர்கள்! சிஹாரு சானுக்கும் தெரியாது. பின்னால் கேட்டேன். "பச்சிலையில தண்ணி விட்டா பாதி வீரியம், ஆனா அஞ்சு பேருக்கும் பரவும். அமுதம் மட்டும் என்ன, ராஜா வீட்டுப் பிள்ளையா? அதுவும் அப்படித்தானே இருக்கணும்னு நினைச்சேன்" என்றார். நினைத்தாராம்! தன் நாற்காலியை அந்த ஒரு நினைப்பின் மேல் வைத்தார்!

கலந்தார்.

ஐந்து பேர் மேலும் பொன்மழை பொழிந்தது! ஐந்து பேருக்கும் பாதி உயிர்! என் கேடயம் நிமிர்ந்தது. நாகம் நெருப்பைக் கக்கியது, நான் தாங்கினேன். ஹாமா அண்ணன் அம்பை விட்டான், தம்பி இடியை இறக்கினான், குரதானி சான் பாய்ந்து வாளை இறக்கினார். உலை நாகம் கோபுர உச்சியிலிருந்து தலைகீழாகச் சாய்ந்தது!

பக்கத்துத் திரையைப் பார்த்தோம். சாகாய் அணி ஐவரும் விழுந்து கிடக்கிறார்கள். நடுவில் தொடாத அமுதம் பளபளவென்று மின்னுகிறது. அடடா, அந்தக் காட்சியை நான் படம் பிடித்துக் கடையில் மாட்டியிருக்கிறேன். வந்து பாருங்கள், வருகிறவர்களுக்கு ஒரு முட்டை கூடுதலாகப் போடுகிறேன்.

எங்கே இப்போது அந்த "மூட்டை தூக்கி" என்ற வாய்கள்? எழுந்து வரட்டும்! வாள் ஒருவன் கையில் ஒருவனுக்காக வெட்டும். வில் ஒரு குறியைத்தான் தைக்கும். கலவை? இருப்பது கொஞ்சம் என்றாலும் இருப்பவர் எல்லோரையும் நினைக்கும்! யாரும் தீண்டாததை எடுக்கத் துணியும். யாரும் வேண்டாததைச் சேர்க்கத் துணியும். வலிமை குறைந்தவர் ஒதுங்கும் வேலையா அது? வலிமையுள்ள நால்வர் வழி தெரியாமல் கைகட்டி நின்றபோது வழியைக் கண்டவர் யார்? மந்திரமா? வாளா? சொல்லுங்கள்! பின்வரிசைக்குக் கேட்கவில்லை, இன்னும் உரக்கச் சொல்லுங்கள்! ஆம், கலவை! கலவை! கலவையேதான்!

உட்காருங்கள், உட்காருங்கள். கோப்பையைப் பற்றி நான் மகிழ்ந்தது பாதிதான். மீதியையும் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

பரிசளிப்பு முடிந்தது. ஒகுனோ அம்மையார் வந்தார். அதே பட்டுக் குரல், அதே பணிவு. எங்கள் தலைவர் முன் இடுப்பு வரை குனிந்தார். "குரதானி சான், தப்பா நினைக்காதீங்க. சிஹாரு சானை அடுத்த வருஷம் எங்க அணிக்குக் கொடுக்க முடியுமா? நீங்களும் பாவம், இத்தனை நாள் பாரத்தைச் சுமந்துட்டீங்க. உங்களுக்கும் ஒரு நல்ல வாள்காரன் கிடைப்பான், பாருங்க."

எனக்குத் தெரியும் எங்கள் தலைவரை. வாடகைக்கு வீடு இல்லையென்றால்கூட "யோசிச்சுச் சொல்றேன்" என்பவர். "நீங்க இவ்வளவு தூரம் கேக்கும்போது..." என்று ஆரம்பித்து மூன்று தெரு சுற்றுபவர். சிஹாரு சான் அங்கேதான் நின்றார். கோப்பையை இடக்கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றார். அவருடைய காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது. வென்ற சந்தோஷமே அவர் முகத்தில் இல்லை.

குரதானி சான் நிமிர்ந்தார். குனியவில்லை. சிரிக்கவில்லை.

"முடியாது" என்றார்.

அரங்கத்தில் அருகில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒகுனோ அம்மையாருக்குத் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. "என்ன சொன்னீங்க?" என்றார்.

"முடியாதுன்னு சொன்னேன். முடியவே முடியாது. எத்தனை தடவை குனிஞ்சு கேட்டாலும் முடியாது. யார் சொன்னா பாரம்னு? வேணும்னா என்னைக் கூட்டிட்டுப் போங்க, இந்த நாலு பேரும் கவலையே பட மாட்டாங்க. அவங்களைத் தர மாட்டேன்!"

ஐயா, அவர் கத்தினார்! எங்கள் குரதானி சான், பொது இடத்தில், காலணியைக் கழற்றிவிட்டு நுழையும் மரியாதையான அரங்கத்தில், முகம் சிவக்கக் கத்தினார்! கத்திவிட்டுத் தான் கத்தியதைக் கண்டு தானே நடுங்கினார். ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

சிஹாரு சான் தலையை நிமிர்த்தினார். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. மூக்கை உறிஞ்சினார்.

"ஒரு வார்த்தை, தலைவரே! இதைச் சொல்ல ஒரு வருஷமா உங்களுக்கு? அங்கயே கடையில சொல்லியிருந்தா நான் நிம்மதியா ஒரு அடை தின்னிருப்பேனே!"

என்று சொல்லிவிட்டு அழுதார் பாருங்கள்! பக்கவாதம் வந்தபோது அழாதவர், பேருந்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது அழாதவர், அங்கே நின்று விக்கி விக்கி அழுதார். குரதானி சானும் அழுதார். ஹாமா சகோதரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே அழுதார்கள். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள், அது என் சொந்த விஷயம்.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட அவைத்தலைவர் ஐயாவுக்கும், இடையிடையே சிரித்தும் முனகியும் எனக்குத் தெம்பு தந்த உங்களுக்கும், இந்தக் கூடத்தை வாடகை இல்லாமல் தந்த வணிகவீதிச் சங்கத்துக்கும், பையைத் திறக்கத் துணிந்த எல்லா ஊர்க் கலவைக்காரர்களுக்கும் என் நன்றியைச் சொல்லிக்கொள்கிறேன். வணக்கம், நலமாக வீடு சேருங்கள். சிஹாரு சான், இங்கே வாங்க. மைக்கைப் பிடியுங்க. கூச்சமெல்லாம் கூடாது, நீங்க பேசுறதைக் கேக்க நம்ம ஊரே காத்துக்கிட்டு இருக்கு.